வேட்டை ஓவியத்தில் பின்னாளில் வரையப்பட்ட புதரை நீக்கலாமா?

கேள்வி:

வணக்கம். அரண்மனை ஒன்றின் பழைய விருந்துக்கூடத்தில் மாட்டுவதற்காக, பெரிய தைல வண்ண ஓவியம் ஒன்றைச் சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாய்கள் வளைத்துக்கொண்ட காட்டுப்பன்றியையும், ஈட்டியோடு குதிரையில் நெருங்கும் இருவரையும் காட்டும் அந்தக் கித்தான் ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் உடையது. வார்னிஷ் பழுப்பேறிவிட்டதால் வானமும் குதிரையும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசலும் உண்டு. ஆனால் என்னைத் தயங்க வைப்பது பன்றியின் முன்காலருகே இருக்கும் ஒரு புதர். புற ஊதா விளக்கில் பார்த்தபோது, சுற்றிலும் வார்னிஷ் பச்சையாக ஒளிர, புதர் மட்டும் கருந்திட்டாக நின்றது. பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால், அதனடியில் ஏதோ விலங்கின் முதுகுபோல ஒரு மேடு தென்படுகிறது. மற்ற நாய்கள் பன்றியைப் பார்க்க, ஒரு நாய் மட்டும் அந்தப் புதரையே பார்த்து நிற்பதற்கு இதுவரை எனக்குக் காரணம் விளங்கவில்லை. புதரை நீக்குவதா, விட்டுவைப்பதா? பணி முடிந்ததும் கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டுவதாக எண்ணம்.

பதில் 1:

புதர் கருமையாகத் தெரிகிறது என்றால், அது பழைய வார்னிஷுக்கு மேலே பூசப்பட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். இது உங்களுக்குச் சாதகமான செய்தி. ஓவியரின் வண்ணத்துக்கும் பின்னாள் வண்ணத்துக்கும் நடுவே வார்னிஷ் ஒரு திரைபோல இருப்பதால், கீழே உள்ளதைத் தொடாமல் மேலே உள்ளதைப் பிரிக்க வாய்ப்பு அதிகம். எனினும் முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுங்கள். ஈயத்திலிருந்து செய்யப்படும் ஈய வெள்ளை வண்ணம் கதிரைத் தடுப்பதால், வெண்ணிற விலங்கு ஏதேனும் அடியில் இருந்தால் படத்தில் துலங்கும். வண்ணமே உதிர்ந்துபோன பள்ளத்தை மறைக்கத்தான் புதரை வரைந்தார்கள் என்றால் அதுவும் தெரிந்துவிடும். புதரின் வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தால், அது 20ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

நீங்கள் அந்த நாயைப் பற்றி எழுதியதைப் படித்ததும், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள டச்சுக் கடற்கரை ஓவியம் நினைவுக்கு வந்தது. 1640களில் ஹென்ட்ரிக் வான் அந்தோனிசன் வரைந்த அந்த ஓவியத்தில், குளிர்காலக் கரையில் மக்கள் எதற்காகக் கூடி நிற்கிறார்கள் என்பது நெடுங்காலம் புரியாமலே இருந்தது. சீர்செய்தபோது மேற்பூச்சுக்கு அடியிலிருந்து கரையொதுங்கிய திமிங்கிலம் ஒன்று வெளிப்பட்டதும், எல்லாப் பார்வைகளுக்கும் பொருள் கிடைத்தது. 2014இல் இச்செய்தி வெளியானது.

பதில் 2:

புதரைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், தூய்மைப்படுத்துவதிலேயே ஓர் ஆபத்து இருப்பதைச் சொல்ல வேண்டும். நாய்களின் வெண்மை ஈய வெள்ளையால் ஆனது; அது கரைப்பானை நன்றாகத் தாங்கும். காட்டின் பழுப்பு நிழலோ மெல்லிய பூச்சுகளால் ஆனது, வார்னிஷோடு சேர்ந்தே கரைந்துவிடக்கூடியது. 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியமாக இருந்தால் அதில் பிட்டுமென் எனும் தார் போன்ற கரும்பழுப்புப் பொருள் கலந்திருக்கவும் கூடும். அது முழுமையாக உலர்வதே இல்லை. நாய்களின் வெண்மை பளிச்சிடுவதைக் கண்டு உற்சாகமடைந்து, அதே கரைப்பானைக் காட்டின்மீதும் செலுத்தியதால் ஆழமெல்லாம் இழந்துபோன ஓர் ஓவியத்தை நான் பார்த்திருக்கிறேன். விலங்குகள் வெட்டி ஒட்டியவைபோல நின்றன. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் நகக்கண் அளவு இடத்தில் தனித்தனியே சோதித்துப் பாருங்கள். நிழல் பகுதிகளில் வார்னிஷை முழுவதும் எடுக்காமல் மெலிதாக்கினாலே போதும். செம்பு கலந்த பச்சை வண்ணமே பழுப்பாக மாறிய இலைகள் இருந்தால், அவற்றை மீண்டும் பச்சையாக்க முயல வேண்டாம்.

புதரைப் பொறுத்தவரை, அடியில் உள்ள உருவம் பெரும்பாலும் முழுமையாக இருந்தால் மட்டுமே நீக்குவேன். பாதி அழிந்த விலங்கை நாமே வரைந்து நிரப்புவதைவிட, பழைய புதர் நேர்மையானது.

பதில் 3:

தயவுசெய்து கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். புகைக்கரி ஒருபுறம் இருக்க, சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் கித்தானும் வண்ண அடுக்கும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால்தான் வெடிப்புகள் பெருகுகின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி அதிகம் ஏறி இறங்காமல் இருக்கும் உட்சுவர் நல்லது; ஒளிச்செறிவு 200 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்ட வேண்டாம். கிழிசலுக்காக முழு ஓவியத்தின் பின்னாலும் புதுத்துணி ஒட்டும் பழைய வழக்கம் இன்று குறைந்துவிட்டது. உருப்பெருக்கியின் கீழ் இழைக்கு இழை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாண் கிழிசலுக்கு அதுவே போதுமானது. தூய்மைப்படுத்தும் முன்பே உதிரும் நிலையில் உள்ள வண்ணத்தை ஒட்டவைத்துவிடுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸ் கதிர்ப் படம் வரும்வரை புதரைத் தொடப்போவதில்லை. சன்னலுக்கு எதிரே இல்லாத உட்சுவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஈரப்பதமானியை இன்றே அங்கு வைத்துவிட்டேன். படம் கிடைத்ததும், அந்த நாய் எதைப் பார்க்கிறது என்பதை இங்கேயே வந்து எழுதுகிறேன்.