சுறாப்பல் படிவமும் லினோ அச்சும்: கை வைத்தவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம்:
நம் பக்கத்து மீன் புதைபடிவத்தை (கல்லாகிப்போன பழைய உயிரின் எச்சம்) லினோ அச்சாக, அதாவது மெத்தென்ற லினோலியத் தகட்டைச் செதுக்கி மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது எப்படி என்பதுதானே கேள்வி? டெல்டாவுக்குள் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். கொள்ளிடம் தாண்டி அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால்தான் பழைய கடலடி வெளியே தெரியும். அங்கே காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண்ணில் மீன் என்று கிடைப்பது பெரும்பாலும் சுறாப்பல். வயசு சுமார் 10 கோடி ஆண்டு. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு, அது மக்கிவிடும், பல்தான் தங்கும். அதனால் தலை முதல் வால் வரை முள்ளோடு ஒரு மீனை அச்சடித்து ‘அரியலூர் மீன்’ என்று பெயர் வைப்பது வெறும் ஜோடனை. பல்லையே பெரிதாக்குங்கள். அங்கிருந்து எதையும் பொறுக்கி வர வேண்டாம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, காலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் போதும். அசல் படிவத்தில் மை தடவி ஒற்றி எடுக்கவே கூடாது. வேர்ப்பகுதி முழுக்க நுண்துளை. இறங்கிய எண்ணெய் திரும்பாது.

தஞ்சாவூர்:
மேலே சொன்னது சரி சார். செதுக்குவது பற்றி நான் சொல்கிறேன். 1.5 செ.மீ. பல்லைப் பத்து மடங்காக்கி 3 மி.மீ. லினோவில் ஏற்றுங்கள். ஸ்குவாலிகோராக்ஸ் என்ற அழிந்துபோன சுறாவின் பல்முனை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டிரேசிங் தாளைக் கவிழ்த்து வைத்துப் படியெடுக்காவிட்டால் அச்சில் இடத்தாடைப் பல் வலத்தாடைப் பல்லாகிவிடும்.

அதன் ஓரத்து ரம்பப்பற்களில்தான் எல்லோரும் கோட்டை விடுவது. முதலில் கத்தியால் ஒவ்வொரு பள்ளத்தையும் கீறிவிட்டு, பிறகு வெளிப்பக்கத்தை யு உளியால் வழியுங்கள். முதலிலேயே வழித்துவிட்டால் முனைகளுக்குப் பிடிமானம் இருக்காது, உதிரும். கத்தியின் நுனி வெளிப்பக்கமாக இறங்கும்படி சரித்துப் பிடியுங்கள். அடி அகலமாக நிற்க வேண்டும். உள்ளே குடைந்து வெட்டினால் ரோலர் ஏறியதும் முனை மடங்கும்.

பல்லின் மேற்பகுதி இன்னமும் மினுங்கும், அதைத் தொடாமல் கறுப்பாக விடுங்கள். வேரை மட்டும் கொத்திய அம்மி மாதிரி புள்ளி புள்ளியாக எடுங்கள். டைக்கோடஸ் என்ற இன்னொரு பழைய சுறாவின் பல் கிடைத்தால் இன்னும் சுலபம்: ஓடு நொறுக்கும் தட்டையான பல், குறுக்கே வரிவரியாக மேடு. வி உளி ஒன்றே போதும்.

மயிலாடுதுறை:
மை, தாள் விஷயம் யாரும் சொல்லவில்லையே. கையால் தேய்ப்பதானால் 60–80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தாள், எவர்சில்வர் கரண்டியின் முதுகு. 200 ஜிஎஸ்எம் கைக்காகிதம் பிரஸ் இல்லாமல் சரிவராது. அச்சகத்து எண்ணெய் மையைக் கண்ணாடியில் உருட்டும்போது ‘சிர்ர்’ என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். ‘சளக் சளக்’ என்றால் மை அதிகம், வேர்ப்புள்ளிகள் அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் நமுத்துவிடும். மை இளகியிருந்தால் ஒரு டீஸ்பூன் மைக்கு ஒரு சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட் தூள் சேர்த்தால் இறுகும். சித்திரையில் தண்ணீர் மை பக்கமே போகாதீர்கள், ரோலரிலேயே காய்ந்துவிடும். மார்கழிக் குளிரில் லினோ விறைத்தால் கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள். உளி வழுக்கிக் கையில் ஏறாது.

தேங்காய் எண்ணெயால் துடைப்பவர்கள் கடைசியில் சோப்புத் தண்ணீரிலும் ஒருமுறை துடையுங்கள். அது காயாத எண்ணெய். பிளாக்கில் மிச்சமிருந்தால் அடுத்த அச்சு நாள்கணக்கில் ஒட்டும்.