புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை மாடியில் வாடிய டென்ட்ரோபியம் ஆர்கிட் பிழைத்துவிட்டது

வேர்நுனி கருகுகிறது, இலை மஞ்சளாகி உதிர்கிறது என்று 3 மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உரம் மாற்றியதில் பலனில்லை. “போர்வெல் தண்ணீரை நிறுத்துங்கள்” என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்த கரித்துண்டுகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது அந்தத் தண்ணீரின் உப்பு. தேங்காய் நாரை எடுத்துவிட்டு, புதுக் கரியும் ஓட்டுச் சில்லும் போட்டு, பிடித்துவைத்த மழைத்தண்ணீரை மட்டும் காலையில் ஊற்றினேன். ஐந்தாவது வாரம் பச்சை நுனியோடு புது வேர்! நனைந்ததும் அந்த வெள்ளி நிற வேர் பச்சையாக மாறுவதைப் பார்க்கவே தினமும் மாடி ஏறுகிறேன்.

எதிர்பாராத ஒன்று: வெட்டிவிடலாம் என்றிருந்த, இலையில்லாத பழைய தண்டின் கணுவில் குட்டிச்செடி வந்திருக்கிறது. பழைய தண்டு பச்சையாக இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். அப்புறம், மழைத்தண்ணீர் தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், அதன் கழிவுநீர் வேண்டாம், உப்பு அதில்தான் சேரும்.