"இரண்டாங்கட்டு" குடும்பக் குழு: கொடைக்கானல் நடை (செட்டிநாட்டு வழக்கில் ஆத்தா அம்மா, அப்பச்சி அப்பா, ஆச்சி அக்கா)

வெள்ளி

[இரவு 8:12] அண்ணன்: இ-பாஸ் எடுத்துவிட்டேன். நாளை மதியம் காரைக்குடியிலிருந்து நாங்கள் மூவரும் கிளம்புகிறோம். ஞாயிறு காலை 7 மணிக்கு வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடை.

[8:15] ஆத்தா: மலை ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

[8:16] அண்ணன்: ஏற்றமே இல்லை ஆத்தா. வட்டக்கானலே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாறை வரை இறக்கம்தான்.

[8:18] ஆச்சி: திரும்பி வர யார் ஏறுவது? கார் பாறைக்கு வந்து நிற்காது. போன முறை குளிரில் சிரித்துக்கொண்டே இறங்கினோம். திரும்பும்போது வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, படி மாதிரி மர வேர்கள். உன் அத்தான் பத்தடிக்கு ஒருமுறை நின்று "காட்சியை ரசிக்கிறேன்" என்றார்.

[8:21] அப்பச்சி: அந்த உயரத்தில் மூச்சு முட்டாதா? லடாக் போனவர்கள் தலைவலி, குமட்டல் என்று படுத்தார்களே.

[8:23] ஆச்சி: லே நகரம் 3,500 மீட்டர் அப்பச்சி. அந்தத் தொல்லை பெரும்பாலும் 2,500க்கு மேல்தான். இவனுக்கு மூச்சு வாங்கினால் அது நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால்.

[8:24] அண்ணன்: நன்றி.

[8:31] ஆத்தா: அப்பத்தா சொல்கிறார்கள், நான் அடிக்கிறேன். "குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிகளோடு ஒன்பது வருடம் நடந்தவள் நான். நீ காரில் போகிற நத்தம் சாலை என் கால் அறிந்தது. புதுச் செருப்போடு வந்தவர்கள்தான் வழியில் உட்கார்ந்தார்கள். அந்தப் புது ஷூவை வீட்டிலேயே வை. கால் நகத்தை வெட்டு."

[8:33] அண்ணன்: நகம் எதற்கு?

[8:35] ஆச்சி: இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முன்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும். அத்தானின் பெருவிரல் நகம் கறுத்து, இரண்டு மாதம் கழித்து விழுந்தது.

[8:38] ஆத்தா: மாவுருண்டையும் கைமுறுக்கும் கட்டித் தருகிறேன்.

[8:40] ஆச்சி: உருண்டை போதும். முறுக்குச் சத்தம் கேட்டால் குரங்கு பங்குக்கு வரும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை. ஸ்வெட்டரும் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற கணக்கில், நம் ஊரைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும்.

[8:44] அண்ணன்: அதே பாதையில் வெள்ளகவி வரை போகலாம் என்கிறான் நண்பன். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லையாம்.

[8:46] ஆச்சி: ஊர் நல்ல ஊர், ஆனால் ஒரு நாள் நடைக்கு வேண்டாம். அங்கே இறங்கும் ஒவ்வொரு அடியும் கடன், வெயிலில் வட்டியோடு கட்ட வேண்டும். மணி 9:30 ஆனால் எங்கே நின்றாலும் திரும்பு. பிறகு மூடுபனி ஏறினால் பாறை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஞாயிறு

[காலை 8:05] அண்ணன்: (படம்) பாறைக்கு வந்துவிட்டோம். கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி, தாம்பாளத்தில் பச்சரிசி மாவுக் கோலம் போட்டது போல இருக்கிறது.

[8:06] அப்பச்சி: விளிம்பை விட்டுத் தள்ளி நில். படம் எடுத்தவனும் தள்ளி நிற்கட்டும்.

[8:40] அண்ணன்: எக்கோ பாயிண்ட் இன்னும் கொஞ்சம் கீழேதான் என்கிறார்கள்.

[8:41] ஆச்சி: 9:30.

[11:20] ஆத்தா: ராசா, எங்கே இருக்கிறாய்?

[11:31] ஆத்தா: யாராவது அவனை அழையுங்கள்.

[11:48] அண்ணன்: வட்டக்கானல் வந்தாயிற்று. வழியில் டவர் இல்லை. 10:10க்குத்தான் திரும்பினோம். இறங்கியதைவிட அதிக நேரம் ஆனது. நான்காவது முறை நின்றபோது நானும் காட்சியை ரசித்தேன்.

[11:50] அத்தான்: வாருங்கள் மைத்துனரே.

[11:53] ஆத்தா: அப்பத்தா கேட்கிறார்கள், நகம் வெட்டினாயா?

[12:04] அண்ணன்: உருண்டை மிக நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.