மறு: ‘காவல் கணு’ வேண்டாமே

> ‘சென்டினல் நோட்’ என்பதில் ‘சென்டினல்’ என்றால் காவலன்தானே, தம்பி. ‘நோட்’ நிணநீர்க் கணு. காவல் கணு என்றே நம் மார்பகப் புற்றுநோய்த் துண்டறிக்கையில் போட்டுவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் அக்கா,

சுருக்கம்தான். ஆனால் அதைச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டவன் நான். பெரியம்மாவுக்கு இங்கே பினாங்கில் மார்பக அறுவை நடந்தபோது மலாய்ப் படிவத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. “அக்குள்ல இருக்கற காவல் கணுவை மட்டும் எடுப்பாங்க” என்றேன். “ஜாகாவையே (காவலாளியையே) தூக்கிட்டா வீட்டை யாருடா பாத்துக்குவா?” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கேட்டது நியாயம். அந்தக் கணுவின் சிறப்பு காவலில் இல்லை, இருக்கும் இடத்தில். திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்தான் நிணநீர், அதை வடிகட்டும் சின்ன முடிச்சுதான் கணு. மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேர்வது அங்கே. புற்று பரவினாலும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தட்டுப்படும். நீலச் சாயமோ கதிரியக்க டெக்னீசியமோ ஊசியில் ஏற்றி, அது எந்தக் கணுவில் சேர்கிறதோ அதை எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றில் கை வைப்பதில்லை. மார்பகத்துக்கு இந்த முறை வந்ததே 1990களில்தான். அதற்கு முன் அக்குளையே வழித்தெடுப்பார்கள். கை வீங்கி ரவிக்கை ஏறாமல் தவித்தவர்கள் உண்டு. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு, ஒன்றிரண்டு கணுவில் புற்று இருந்தாலும் சிலருக்கு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

(மறுநாள் பெரியம்மாவுக்குச் சிறுநீர் நீலப்பச்சையாகப் போயிருக்கிறது. சங்குப்பூச் சோறு சாப்பிட்டீங்களா என்று தாதி சிரித்தாராம்.)

கோலாலம்பூர் நண்பர் சொன்ன ‘முதற்கணு’ என்ற பெயர் பரவாயில்லை. ஆனால் சாயம் சில நேரம் இரண்டு மூன்று கணுக்களில் ஏறும். ‘மூன்று முதற்கணுக்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது.

நான் முன்பு சொன்ன ‘தலைமடைக் கணு’ என்றே போட்டால் என்ன? வாய்க்கால் நீர் முதலில் பாயும் வயல்கள் தலைமடை, கடைசியில் பாய்பவை கடைமடை. தலைமடையில் மூன்று வயல் இருந்தாலும் தலைமடைதான்.

> மடையெல்லாம் தஞ்சாவூர்க்காரர்களுக்கு, தம்பி. நாம் பால்மரக்காட்டுப் பிள்ளைகள். லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) தெரியும், மடை யாருக்குத் தெரியும்?

அதே சந்தேகம் எனக்கும் வந்தது, அக்கா. பெரியம்மாவும் முப்பது வருடம் பால்மரம் சீவியவர்தான். நேற்றிரவு போனில் கேட்டேன்.

“மடை தெரியாதா? மடை திறந்த மாதிரி பேசாதீங்கன்னு உன் பெரியப்பாவைத் தினமும் திட்டுவேனே, அந்த மடைதானே?”