மனநலத்துக்குத் தனித் தாள் வெச்சா எல்லாம் சரியாகிடுமா?

கசப்பு மருந்து:
நேத்து ஒருத்தர் இங்கே எழுதிட்டுப் போனார்: "இந்திய மனநல மருத்துவர் சங்கம் பல வருஷமா கேக்குற மாதிரி எம்.பி.பி.எஸ்.ல மனநலத்துக்குத் தனித் தாள் வெச்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்." அடேங்கப்பா! 1947ல ஆரம்பிச்ச சங்கம், கடைசியில கண்டுபிடிச்ச மருந்து பரீட்சையா? 2015-16 தேசிய மனநல ஆய்வைப் பாருங்க. நோய்க்குத் தகுந்த மாதிரி 70லேர்ந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலை. அவங்க எந்தத் தாளுக்குக் காத்திருக்காங்க?

பழைய ஸ்டெதஸ்கோப்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு அம்மா வருவாங்க. நெஞ்சு படபடங்குது, தூக்கமில்லைம்பாங்க. ஈசிஜி நார்மல். டாக்டர் பி காம்ப்ளக்ஸ் எழுதிடுவார். மூணு மாசம் கழிச்சு அதே அம்மா, அதே சீட்டு. மனநலம் மெடிசின் தாளுக்குள்ள ஒரு மூலையில கிடக்கு, தொடாமலே பாஸ் பண்ணலாம். தனித் தாள்னா தப்பிக்க முடியாது.

கசப்பு மருந்து:
கண்ணுக்கும் காது-மூக்கு-தொண்டைக்கும் தனித் தாள் இருக்கே. அதே டாக்டர் காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிறாரா, நேரா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுறாரா? 2001ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல சங்கிலியோட 28 பேர் எரிஞ்சு செத்தாங்களே, அது டாக்டர் பரீட்சையில கோட்டை விட்டதாலயா?

பழைய ஸ்டெதஸ்கோப்:
ஏர்வாடியை இழுத்தா கைதட்டு கிடைக்கும், தெரியும். நீட் திரியிலயும் என்னை "கோச்சிங் ஏஜென்ட்"னு சொன்னவர்தானே நீங்க?

வார்டு டியூட்டி:
ஒரு நிமிஷம். சிகிச்சையை மேம்படுத்துறதுன்னா என்ன? மாத்திரை கிடைக்கிறதா, ஆள் வேலைக்குத் திரும்பிப் போறதா? அதைச் சொல்லாம தாளைப் பத்தியே பேசுறீங்க. நர்ஸ், சோசியல் ஒர்க்கர் யாரும் உங்க கண்ணுக்கே தெரியலை.

கசப்பு மருந்து:
அதெல்லாம் அப்புறம் சிஸ்டர். தனித் தாளைப் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

சும்மா வந்தவன்:
2022லேர்ந்து டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண் இருக்கே, 14416. போன் பண்ணா சைக்காலஜிஸ்ட் மாத்திரை சொல்லிடுவாங்க. எதுக்கு சண்டை?

பழைய ஸ்டெதஸ்கோப்:
சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதக் கூடாது தம்பி. முதல்ல கவுன்சிலர் பேசுவாங்க, தேவைப்பட்டாத்தான் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர். இது கூடத் தெரியாம ஒரு தலைமுறையே இருக்கு, அதுக்குத்தான் தாள் கேக்குறோம்.

சும்மா வந்தவன்:
நான் பி.காம் சார். எனக்கும் தாள் வைப்பீங்களா?

கசப்பு மருந்து:
😂 "கேக்குறோம்"! பார்த்தீங்களா, "றோம்". சங்கத்து ஆளுன்னு அப்பவே நினைச்சேன். சார், டாக்டரே இல்லாத இடத்துல உங்க தாளை யார் எழுதுவா? மூணாவது தடவை கேக்குறேன்.

பழைய ஸ்டெதஸ்கோப்:
மூணு தடவையும் தப்பாத்தான் கேட்டிருக்கீங்க. ஓ.பி. இருக்கு, வரேன்.

கசப்பு மருந்து:
போங்க போங்க. பி காம்ப்ளக்ஸ் ஸ்டாக் இருக்கான்னு பார்த்துக்குங்க.

வார்டு டியூட்டி:
நான் கேட்டது மேலே அப்படியே கிடக்கு.

கசப்பு மருந்து:
என்ன கேட்டீங்க? தாளைப் பத்தியா?