முதல் பெடல் ஸ்டீல் கிட்டார் எது? (பிக்ஸ்பி பக்தர்கள் தண்ணி குடிச்சுட்டு வரவும்)

வெண்கலச்செவி:
புதுசா வர்றவங்களுக்கு: பெடல் ஸ்டீல்னா படுக்கவச்சு, கம்பி மேல உலோகத் துண்டை நகர்த்தி, காலால பெடலை மிதிச்சு சுருதியை மாத்தி வாசிக்கற கிட்டார். நேத்து வேற ஒரு இழையில ஒரு பிரகஸ்பதி எழுதியிருந்தார்: "1948-ல கிட்டார் தயாரிப்பாளர் பால் பிக்ஸ்பி செஞ்சு கொடுத்ததுக்கு முன்னாடி பெடல் ஸ்டீல்னு ஒண்ணே கிடையாது. கிப்சன் கம்பெனியோட எலெக்ட்ராஹார்ப் வெறும் மேஜை." படிச்சதும் காபி புரையேறிடுச்சு. மேஜையா? 1939-லயே ஸ்டீல் கிட்டார் வாசிச்ச ஆல்வினோ ரே கிப்சன் மெக்கானிக்கோட உக்காந்து உருவாக்கினது அது. 8 கம்பி. இடது பின்னங்கால்லேர்ந்து பெடல்கள் விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும். அப்படி ஒரு அமைப்பை இன்னைக்கு எந்தக் கடையிலயும் பார்க்க முடியாது. மிதிச்சா உள்ள இழுவை வேலை செய்யும், கம்பியோட சுருதி மாறும். இது பெடல் இல்லன்னா என்ன, செருப்பு விடற இடமா?

ராக்கெட் ரவி:
அந்தப் பிரகஸ்பதி அடியேன்தான். பேர் போட்டே எழுதலாம், பயப்படாதீங்க. பின்னங்கால்னு நீங்களே எழுதிட்டீங்க, நன்றி. பெடல் எங்க இருக்கணும்? முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, ஒரு சட்டத்துல, வரிசையா. அங்க கொண்டுபோய் வச்சது பிக்ஸ்பி. ஸ்டீல் வாசிப்பாளர் ஸ்பீடி வெஸ்ட் 1948-ல வாங்கினது அதைத்தான். இன்னைக்கு கன்ட்ரி இசை ஊரான நாஷ்வில்ல யார் வாசிச்சாலும் குனிஞ்சு பாருங்க, பெடல் எங்க இருக்குன்னு தெரியும்.

வெண்கலச்செவி:
பழைய அம்பாசடர்ல கியர் ஸ்டியரிங் பக்கத்துல இருந்தது. அதனால அது கார் இல்லையா?

மாம்பலம் மாலி:
சார், அம்பாசடர்ல பின்னாடி கியர் தரைக்கு வந்துடுச்சு. இசுசூ இன்ஜின் போட்ட வண்டி. எங்க மாமா வச்சிருந்தார்.

வெண்கலச்செவி:
மாலி, உங்க மாமாவை யாரும் கூப்பிடலை. இடம் மாறினா பொருள் மாறாது. பின்னங்கால்ல இருந்தாலும் பெடல் பெடல்தான்.

ஸ்கார்பரோ சிவா:
அண்ணை, காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள் ரெண்டு பேரும். நான் ஒண்டு கேக்கிறன். பெடலை மிதிச்சு சுருதியை மாத்தி வச்சுப்போட்டு பிறகு வாசிக்கிறது ஒரு விசயம். கம்பி ஒலிச்சுக்கொண்டிருக்கேக்கையே மிதிச்சு சுரத்தை வளைக்கிறது வேற விசயம். ஸ்டீல் வாசிச்ச பட் ஐசாக்ஸ் அதைத்தான் செய்தவர். அவர் வாசிச்ச, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின்ர 'ஸ்லோலி' பாட்டு 1954 இல கன்ட்ரி பட்டியலில முதலிடத்துக்கு வந்தது. அதுக்குப் பிறகுதான் ஊரிலை உள்ள ஸ்டீல்காரர் எல்லாம் பெடலைத் தேடி ஓடினவை. பெடல் ஸ்டீல் அண்டைக்குத்தான் பிறந்தது எண்டு நான் சொல்லுவன்.

ராக்கெட் ரவி:
ஐசாக்ஸுக்கும் கிட்டார் செஞ்சு கொடுத்தது பிக்ஸ்பி! சிவா சாருக்கு ஒரு மாலை.

ஸ்கார்பரோ சிவா:
மாலை வேண்டாம். நான் உங்கட பக்கம் இல்லை.

வெண்கலச்செவி:
சிவா, நல்ல தகவல், தப்பான இழை. வாசிக்கிறவன் எப்ப மிதிச்சான்னு நான் கேக்கலை. மிதிக்க ஒண்ணு எப்ப இருந்துச்சுன்னு கேக்கறேன். 1939. பின்னங்கால். எத்தனை தடவை எழுதறது?

தந்திமீசை:
குறுக்கிடறதுக்கு மன்னிக்கவும். இண்டியானாபொலிஸ் ஹார்லின் சகோதரர்களை ரெண்டு கோஷ்டியுமே சௌகரியமா மறந்தாச்சு. அவங்க செஞ்ச மல்டி-கார்டுங்கற பெடல் ஸ்டீலையும் இதே காலத்துக் கதையா பார்க்கணும். காப்புரிமை விஷயத்துல கிப்சனுக்கும் அவங்களுக்கும் தகராறே நடந்தது. அதுக்கு நடுவுல உலகப்போர் வந்து கிப்சன்ல எலெக்ட்ராஹார்ப் வேலையும் நின்னுபோச்சு. போருக்கு முந்தைய எலெக்ட்ராஹார்ப் இவ்வளவு அபூர்வமா இருக்கறதுக்கு அதுவும் காரணம்.

வெண்கலச்செவி:
ஹார்லினுக்கு தனி இழை தொடங்குங்க மீசை. அங்க வந்து உங்களையும் திருத்தறேன்.

ராக்கெட் ரவி:
பாருங்க, தனக்கு ஒத்து வராததுன்னா தனி இழை. சரி, வேலைக்கு வருவோம். பெடல் ஒரே காலைச் சுத்தி விரிஞ்சிருந்தா பாதத்தைத் திருப்பித் திருப்பி வைக்கணும். வரிசையா இருந்தா பக்கத்துப் பக்கத்து பெடல் ரெண்டை ஒரே பாதத்தால சாய்ச்சு மிதிக்கலாம். இன்னைய வாசிப்புல பாதி அந்தச் சாய்ப்புலதான் இருக்கு. பிக்ஸ்பி மோட்டார்சைக்கிள் கம்பெனியில வார்ப்பு அச்சு செஞ்ச மனுஷன். கை தெரிஞ்ச ஆள். கிப்சன் பெரிய தொழிற்சாலை வச்சுக்கிட்டும் அது தோணலை.

வெண்கலச்செவி:
ஆக "நல்ல பெடல்"னு சொல்றீங்க. "முதல் பெடல்"னு சொல்லலை. அங்கயே தோத்துட்டீங்க. கூடுதலா ஒரு செய்தி: 1966-ல பிக்ஸ்பி தன் தொழிலை யாருக்கு வித்தார்? டெட் மெக்கார்ட்டிக்கு. கிப்சன்ல தலைவரா இருந்தவர்! கடைசியில எல்லாம் எங்க வந்து சேர்ந்ததுன்னு பாருங்க.

தந்திமீசை:
மெக்கார்ட்டி அதை சொந்தமா வாங்கினார். கிப்சன் வாங்கலை. இதுல கிப்சனுக்கு என்ன பெருமை?

வெண்கலச்செவி:
மீசை, நீங்க போன தடவை ஃபெண்டர் 1000 பெடல் ஸ்டீல் பத்தின இழையிலயும் இப்படித்தான். 1957-ல வந்த ஃபெண்டர்ல கேபிள் இழுவைன்னு நான் எழுதினதுக்கு மூணு பக்கம் வம்பு. ஞாபகம் இருக்கு.

தந்திமீசை:
கேபிள்னு நானும்தான் எழுதினேன். நீங்க என் பதிவைப் படிக்கவே இல்லை. இன்னைக்கும் படிக்கலை.

மாம்பலம் மாலி:
ஆல்வினோ ரேயோட பேரப்பசங்கதான் ஆர்கேட் ஃபயர் ராக் குழுவோட வின் பட்லரும், அதுல முன்னாடி இருந்த வில் பட்லரும். யாருக்காவது தெரியுமா?

வெண்கலச்செவி:
தெரியும் மாலி. அவங்களுக்கு பின்னங்கால் பத்தி கருத்து இருந்தா வந்து எழுதச் சொல்லுங்க.

ராக்கெட் ரவி:
உண்மையைச் சொல்லட்டுமா? போன வருஷம் ஒருத்தர் எனக்கு மடியில வச்சு வாசிக்கற ஒரு பழைய லாப் ஸ்டீல் வித்தார். "ஒரிஜினல் பிக்கப், கை படலை"ன்னார். கம்பியோட ஒலியைப் பிடிக்கற அந்தப் பாகத்தைத் திறந்து பார்த்தா புதுசா சுத்தின செம்புக்கம்பி பளபளன்னு சிரிக்குது. அந்த ஆளோட கிப்சன் ஞானத்தைத்தான் இப்ப நாம எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

வெண்கலச்செவி:
அது ரிப்பேர்னு வித்த அன்னைக்கே சொன்னேன். ரசீதுல இருக்கு. அந்த ரசீதுக்கும் எலெக்ட்ராஹார்ப்போட பின்னங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

ராக்கெட் ரவி:
ரசீதைப் போடுங்க இங்க.

ஸ்கார்பரோ சிவா:
ரசீதோட போருக்கு முந்தின எலெக்ட்ராஹார்ப் படமும் ஆரிட்டையும் இருந்தா போடுங்கோ. பெடல் விரியிற இடம் வடிவாத் தெரியவேணும்.

வெண்கலச்செவி:
படம் நாளைக்குப் போடறேன். ரசீது கிடையாது. ரவி, நீங்க இன்னும் பதில் சொல்லலை: 1939 முன்னாடியா, 1948 முன்னாடியா?

ராக்கெட் ரவி:
முன்னங்கால்.