கிராம சபையில் சைகை மொழி: மொழிபெயர்ப்பாளரை எங்கே நிறுத்துவது?

பழையாறு:
அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்க ஊராட்சியில காது கேளாதவங்க ஆறு பேர் வருவாங்க. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் நாகர்கோவில்லேருந்து வாறாரு. சமுதாயக்கூட மேடைக்குப் பின்னால ரெண்டு பெரிய சன்னல். கூட்டம் ரெண்டு மணி நேரம் ஓடும். அவரை எங்க நிறுத்தணும்? பேசுறதைத் திரையில எழுத்தா ஓட விட்டாலே போதும்னு செயலர் சொல்லுகாரு. சரியா?

வேளிமலை:
முதல்ல அந்தச் சன்னலை மூடுங்க. பின்னாடி வெளிச்சம் அடிச்சா கையும் முகமும் வெறும் நிழலாத்தான் தெரியும். பேசுறவருக்கு ரெண்டடி பக்கத்துலயே நிக்கட்டும். மூலையில தள்ளினா, பேசுறவர் முகம், மொழிபெயர்ப்பாளர் கை ரெண்டுல ஒண்ணைத்தான் பாக்க முடியும். பூப்போட்ட சட்டை வேண்டாம். ஒரே நிறம், தோல் நிறத்தோட கலக்காதது. ஆறு பேரும் முன்னால பிறை மாதிரி உக்காந்தா ஒருத்தர் கேக்குற கேள்வியை மத்தவங்களும் பாக்கலாம்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் காணாது. இருபது நிமிஷம் தாண்டினா மூளை சோர்ந்து சொல் விடுபடத் தொடங்கும். இன்னொருத்தர் மாத்திவிட வேணும், இல்லன்னா நடுநடுவே இடைவேளை விடுங்க. தீர்மான நகல், கணக்கு, தெரு, குளம் பேரெல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே அவர் கைக்குப் போகணும். பேருக்குச் சைகை இல்லன்னா எழுத்தெழுத்தா விரல்ல காட்டணும், அதுக்கு நேரம் பிடிக்கும். மழையில கரண்ட் போனா மைக்கோட சைகையும் நின்னுரும்; அவர் முகத்துக்கு நேரா ஒரு எமர்ஜென்சி லைட் வையுங்க.

முட்டம்கரை:
எழுத்து மட்டும் போதாது, அண்ணாச்சி. சின்னதுலயே சைகையில வளந்தவங்களுக்குத் தமிழ் எழுத்து ரெண்டாவது மொழி. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம். 'எங்கே', 'எப்போ' எல்லாம் கடைசியில வரும். 'ஊராட்சிக்கு', 'ஊராட்சியால்'னு உருபு மாறினா பொருள் மாறுறது சிலருக்குப் பிடிபடாது. வயசான பிறகு காது கேக்காம போனவங்களுக்கு நேர்மாறு, சைகை தெரியாது, எழுத்துதான் வேணும். ஆறு பேரையும் தனித்தனியா கேளுங்க.

கூகுள் லைவ் டிரான்ஸ்கிரைப்னு ஒரு போன் செயலி, பேசுறதைக் கேட்டுத் தமிழ்ல எழுதும். போனை ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் வச்சா எதிரொலியில குழம்பும்; பேசுறவர் வாய்ப்பக்கம் வையுங்க. தொகையெல்லாம் பலகையில எழுதிருங்க. உதட்டைப் பாத்துப் புரிஞ்சிப்பாங்கன்னு விட்றாதீங்க: 'படம்', 'மடம்' ரெண்டுக்கும் உதடு ஒண்ணுதான்.

நோட்டீஸ்ல 'வாய் பேசாதோர்'னு போடாதீங்க. அவங்க பேசுறது கையால.

பழையாறு:
இதுக்கு விதி இருக்கான்னு செயலர் கேட்டா?

வேளிமலை:
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 2-ல தகவல் தொடர்புன்னா என்னன்னு சொல்லும்போதே சைகையும் எழுத்துக் காட்சியும் அதுக்குள்ள வரும்.

இன்னொண்ணு. மொழிபெயர்ப்பு சில விநாடி பின்னால வரும். 'ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க'ன்னு சொன்னதும் எண்ணினா அந்த ஆறு கையும் விட்டுப்போகும். மொழிபெயர்ப்பாளர் கை இறங்கின பிறகு எண்ணச் சொல்லுங்க.